ஒன்றரை மணி நேரப் பொய்

காலை எட்டேகாலுக்கு சின்னக்காளை மாமா கிளினிக் வாசலில் செருப்பைக் கழற்றுவதைப் பார்த்ததும் பதிவேட்டை இழுத்துத் திறந்தேன்.

பதினைந்து வருடமாக அவரை எனக்குத் தெரியும். சொன்ன நேரத்துக்கு அவர் ஓர் இடத்துக்கு வந்து நான் பார்த்ததே இல்லை. அப்பேர்ப்பட்ட மனிதர் சலவை வேட்டி கட்டி, தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரி, எட்டேகால் என்றால் எட்டேகாலுக்கு வந்து நிற்கிறார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"என்னத்தா ஈஸ்வரி, நேரத்துக்கு வந்துட்டேனா?" என்றார்.

அவருக்குப் பின்னால் காமாட்சி மதினி. மதினிக்குப் பின்னால் ஜீப் ஓட்டும் சிவனாண்டி அண்ணன். ஆட்டோவிலிருந்து இன்னும் நாலு பேர் இறங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்து, கல்யாண வீட்டில் பெண்ணைப் பார்த்துச் சிரிப்பதைப் போலச் சிரித்தார்கள்.

டாக்டரம்மா ஒன்பதரைக்குத்தான் வருவார். பதிவேட்டில் மாமாவின் நேரம் ஒன்பதே முக்கால். மதுரையிலிருந்து என்னைப் பரீட்சிக்கப் புறப்பட்ட அதிகாரியோ இன்னும் அரைமணி நேரத்தில் வந்து இறங்கிவிடுவார். அன்று தேறினால் இந்த வரவேற்பு மேஜை எனக்கு. தேறாவிட்டால் திங்கட்கிழமை மறுபடியும் ஜீப்.

நேரத்துக்கு வந்தது ஒரு குற்றமா என்று நீங்கள் கேட்பீர்கள். அதைச் சொல்ல நான் கொஞ்சம் மலை ஏறி இறங்க வேண்டும்.

நாற்காலி ஆசை

ஜீப்பில் நான் வாந்தி எடுத்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். 'அவ்வளவு சிரமப்பட்டு ஏன் போனீர்கள்?' என்று ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். போகாமல் என்ன செய்வது அம்மா? எங்கள் தெருவில் பாதிப் பேர் விடிந்தும் விடியாமல் ஜீப் ஏறி, போடிமெட்டைத் தாண்டிக் கேரளத்துக்குப் போய், ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துவிட்டுப் பொழுது சாய வீடு திரும்புகிறவர்கள்தான். பிளஸ் டூ முடித்த நானும் கல்யாணமான மறு வருடமே அந்த ஜீப்பில் ஏறிவிட்டேன்.

காய் எடுப்பதோடு ஆள் சேர்க்கும் வேலையும் எனக்கு இருந்தது. ஜீப் நிறையும்படி எல்லோருக்கும் போன் போட்டு நேரம் சொல்லி, தெருமுக்கில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். ஒருவர் பிந்தினால் மற்ற பதின்மூன்று பேரும் காத்துக் கிடக்க வேண்டும். தோட்டத்துக் கணக்கப்பிள்ளையிடம் மலையாளத்தில் வாங்கிக் கட்டிக்கொள்வது நான்.

அதனால் ஆளுக்கொரு நேரம் சொல்வேன். ஜீப் ஆறரைக்கு என்றால் காமாட்சி மதினியிடம் ஆறு மணி என்பேன். மதினி அரைமணி பிந்துவாள். சின்னக்காளை மாமாவிடம் ஐந்து மணி என்பேன். அவர் ஒன்றரை மணி நேரம் பிந்துவார். யாருக்கு எவ்வளவு என்பது எனக்குத் தலைகீழாகப் பாடம். பொய்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஜீப் ஆறரைக்குக் கிளம்பிவிடும்.

இப்படி இருக்கும்போது ஒரு மழை நாளில் சரிவில் வழுக்கி விழுந்து முழங்கால் பிசகிவிட்டது. போடியில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே வலியைக்கூட மறந்து நான் பார்த்துக்கொண்டிருந்தது டாக்டரை அல்ல, வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த பெண்ணை.

மின்விசிறிக்குக் கீழே சுழல் நாற்காலி. அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மீசைக்காரர்களெல்லாம் எழுந்து நிற்கிறார்கள். 'கொஞ்சம் உட்காருங்க' என்றால் உட்காருகிறார்கள். காலில் அட்டை ஏறவில்லை, தலையில் தூறல் விழவில்லை. ஒரு பெண் உட்கார்ந்துகொண்டே சம்பளம் வாங்குவதை அன்றுதான் அவ்வளவு பக்கத்தில் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரிடம், "நான் அந்த வேலைக்குப் படிக்கப்போறேன்" என்றேன்.

"டாக்டருக்கா?" என்றார். பாவம், பயந்துவிட்டார்.

மிஸ்ஸும் அக்காவும்

பாத்திரக்கடைக்கு மாடியில் ஒரு பயிற்சி மையம் இருந்தது. மெடிக்கல் ஆபீஸ் அசிஸ்டென்ட், ஆறு மாதப் படிப்பு. வகுப்பில் என்னைத் தவிர எல்லோரும் பத்தொன்பது, இருபது. சொல்லிக்கொடுத்த நிவேதா மிஸ்ஸுக்கே இருபத்து மூன்றுதான். நான் அவளை மிஸ் என்பேன், அவள் என்னை அக்கா என்பாள். எனக்கு முப்பத்தாறு.

முதல் நாள் கம்ப்யூட்டர். ஏலக்காய் எடுத்து எடுத்துக் கறை ஏறிய என் விரல்களை அந்த வெள்ளை எழுத்துப் பலகைமேல் வைக்கவே கூச்சமாக இருந்தது. பக்கத்தில் இருந்த பெண் பத்து விரலால் கொட்டினாள். நான் ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடிக் குத்தினேன். மாலைக்குள் என் பெயரை அடித்துவிட்டேன். அதை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினேன் என்றால் என் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோப்பு அடுக்குவதில் என்னை யாராலும் அசைக்க முடியவில்லை. பொறுக்கித் தரம் பிரித்துப் பழகிய கை. தேதிவாரியாகவும் பெயர்வாரியாகவும் அடுக்கச் சொன்னால், மற்றவர்கள் பாதி முடிப்பதற்குள் நான் முடித்துவிட்டு வேடிக்கை பார்ப்பேன்.

போன்தான் கண்டம். மலையில் ஒரு சரிவிலிருந்து அடுத்த சரிவுக்குக் கத்திப் பேசியே பழகிய தொண்டை. "வணக்கம், கிளினிக்கிலிருந்து பேசுறோம்" என்று நான் முதல் தடவை சொன்னபோது கீழே பாத்திரக்கடைக்காரர் அண்ணாந்து பார்த்தாராம்.

"அக்கா, நீங்க போனை வச்சுட்டுச் சன்னலைத் திறந்து பேசினாலே பேஷண்டுக்குக் கேட்டுரும்" என்றாள் மிஸ்.

வீட்டில் ஒத்திகை நடந்தது. என் வீட்டுக்காரர் சமையலறையில் நின்று போன் போடுவார், நான் முன்கட்டில் எடுப்பேன்.

"நெஞ்சு வலிக்குதுங்க" என்பார்.

"ஞாயித்துக்கிழமை பத்தரைக்கு வாங்க" என்பேன்.

"அதுக்குள்ள நான் செத்துப்போவேனே?"

அதற்கு மிஸ் என்ன சொல்லிக்கொடுத்தாள் என்று நோட்டைப் புரட்டுவேன். நெஞ்சுவலி என்றால் நேரம் கொடுக்கக் கூடாது, உடனே வரச்சொல்லி டாக்டரிடம் தகவல் சொல்ல வேண்டும் என்று எழுதியிருக்கும். அதற்குள் அவர் சமையலறையில் சத்தமில்லாமல் செத்துக் கிடப்பார், கையில் முறுக்கோடு. அந்த ஆறு மாதம் நாங்கள் சிரித்ததைப் போல அதற்கு முன் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

யாருக்கும் தெரியாத நோட்டு

கடைசி இரண்டு மாதம் நேரடிப் பயிற்சி. டாக்டரம்மா ஒருவர் நடத்தும் சின்னக் கிளினிக்கில் என்னைப் போட்டார்கள். மேஜையில் இருந்த பெண் கல்யாணமாகி கம்பத்துக்குப் போய்விட்டதால் அந்த இடம் காலி. "பரீட்சையில தேறிட்டா நீயே இருந்துக்கோம்மா" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அன்று வீட்டுக்கு நடந்து வந்தேனா பறந்து வந்தேனா என்று தெரியாது.

மலைக்கு ஞாயிறு லீவு. அதனால் எங்கள் கிளினிக்கில் ஞாயிற்றுக்கிழமைதான் திருவிழாக் கூட்டம், அதிலும் பாதிக்குப் பாதி என் ஜீப்புக்காரர்கள். முதல் ஞாயிறு மிஸ் சொல்லிக்கொடுத்தபடி எல்லோருக்கும் போன் போட்டேன். உங்களுக்கு ஒன்பதரை, உங்களுக்கு ஒன்பதே முக்கால், உங்களுக்குப் பத்து. குரலைத் தாழ்த்தி, தேன் ஒழுகப் பேசினேன்.

ஒன்பதரைக்கு ஒருவரும் இல்லை. பத்துக்கும் இல்லை. டாக்டரம்மா உள்ளே செய்தித்தாளின் வரிவிளம்பரம் வரை படித்து முடித்துவிட்டார். பதினொன்றேகாலுக்கு மொத்த ஜீப்பும் ஒன்றாக உள்ளே நுழைந்தது. பெஞ்சில் இடமில்லை, நிற்க இடமில்லை, ஆளாளுக்கு நான்தான் முதலில் என்கிறார்கள். டாக்டரம்மா சாப்பிடும்போது மணி நாலு.

அன்று எனக்கு ஒரு யோசனை பிறந்தது. யோசனை என்ன பெரிய யோசனை, பழைய வித்தைதான். கைக்கு அடக்கமாக ஒரு நோட்டு வாங்கி அதில் பெயரும், யார் எவ்வளவு பிந்துவார்கள் என்பதும் எழுதினேன். பதிவேட்டில் நிஜமான நேரம் இருக்கும். போனில் அதைக் கழித்துச் சொல்வேன். மாமாவுக்கு ஒன்பதே முக்கால் என்றால் வாயால் சொல்வது எட்டேகால். மதினிக்கு அரைமணி கழிவு.

அடுத்த ஞாயிறு கிளினிக் தண்ணீராக ஓடியது. ஒருவர் வெளியே வர, அடுத்தவர் வாசலில் செருப்பைக் கழற்றுகிறார். டாக்டரம்மா ஒரு மணிக்கெல்லாம் சாப்பிட்டுவிட்டு, "எப்படிம்மா இது?" என்றார். நான் அடக்கமாகச் சிரித்தேன். மிஸ்ஸுக்குச் சேதி போய், வகுப்பில் என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்ட வைத்தாள். தலைகால் புரியாமல் திரிந்தேன். எல்லாம் அந்தப் பரீட்சை ஞாயிறு வரைக்கும்தான்.

வந்துவிட்டார்கள்

அதற்கு முந்தின நாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். காமாட்சி மதினிக்கு நேரம் சொல்லப் போன் போட்டபோது, "நாளைக்கு மதுரையில இருந்து என்னையப் பரீட்சை பண்ண ஆள் வர்றாக மதினி. சொன்ன நேரத்துக்கு வந்துருங்க" என்று பழக்கதோஷத்தில் சொல்லி வைத்தேன்.

மதினி அன்று சாயங்காலமே எல்லார் வீட்டுக்கும் போன் போட்டிருக்கிறாள். "நம்ம ஈஸ்வரிக்குப் பரீட்சை. ஒருத்தரும் பிந்தக் கூடாது. அவ என்ன நேரம் சொன்னாளோ அந்த நேரத்துக்கு அங்க நிக்கணும்" என்று. என்மேல் இருந்த பிரியம், மாமா நான் சொன்ன பொய் நேரத்துக்கு அச்சுப் பிசகாமல் வந்தார், மற்றவர்களும் பிந்திவிடக் கூடாதென்று அவரோடே கிளம்பி வந்துவிட்டார்கள்.

எட்டே முக்காலுக்கு அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர், தோளில் துணிப்பை, அதிகம் பேசாதவர். பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பதினோரு பேரைப் பார்த்தார். பதிவேட்டைப் பார்த்தார். முதல் நேரமே ஒன்பதரை. என்னைப் பார்த்தார். நான் விசிறியைப் பார்த்தேன்.

"இவங்கல்லாம் இவ்வளவு சீக்கிரமா வருவாங்களா?" என்று கேட்டார்.

"அக்கறையான ஆளுக சார்" என்றேன். பெஞ்சு முழுக்கத் தலையாட்டியது.

அது அத்தோடு போயிருக்கும். ஆனால் மாமாவுக்குச் சர்க்கரை. அன்று அவருக்கு வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும். முந்தின நாள் பொழுது சாய்ந்ததும் சாப்பிட்டதோடு சரி. எட்டேகாலுக்கு ரத்தம் கொடுத்ததும் சாப்பிட்டுவிடலாம் என்று மாத்திரையை மட்டும் காலையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். ஒன்பது மணி தாண்டியதும் அவர் நெற்றியில் வேர்வை அரும்பியது. விசிறிக்குக் கீழேதான் இருந்தார். கை நடுங்குவதைப் பார்த்தேன்.

"மாமா, என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்லத்தா. நீ ஒன் சோலியப் பாரு. அவுக பாத்துக்கிட்டிருக்காக" என்றார் மெதுவாக. நாக்குக் குழறியது.

ஓடிப்போய் சிஸ்டரை இழுத்து வந்தேன். சிஸ்டர் விரலில் குத்திப் பார்த்து, சர்க்கரை தாழ்ந்துபோயிருக்கிறது என்று குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்தாள். நான் தரையில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். பத்து நிமிடத்தில் முகம் தெளிந்தது. அந்தப் பத்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று எனக்குத்தான் தெரியும்.

அதிகாரி பதிவேட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். "ஐயா, உங்களை எத்தனை மணிக்கு வரச் சொன்னாங்க?"

மாமா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஒம்பதே முக்காலுக்குத்தான் சொன்னுச்சு. நாந்தான் கிறுக்குப்பய, முன்னாடியே வந்துட்டேன்."

பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நான் காலைப் பிடித்துக்கொண்டிருந்தபோது சிஸ்டர் பதிவேட்டைப் பார்த்து, 'இவருக்கு ஒன்பதே முக்கால்தானே' என்று சத்தமாகச் சொல்லியிருந்தாள். உடனே மதினியும், "ஆமா சார், எங்களுக்குமே லேட்டாத்தான் சொன்னா, நாங்களா வந்துட்டோம்" என்றாள். சிவனாண்டி அண்ணன், "வீட்டுல சும்மாதான சார் இருக்கோம்" என்றார். பதினோரு பேரும் எனக்காகப் பொய் சொல்கிறார்கள்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் தேறியிருப்பேன். அந்த நேரத்தில் டாக்டரம்மாவும் வந்து வாசலில் நின்றுவிட்டார். ஆனால் மாமாவின் கால் இன்னும் சில்லிட்டிருந்தது, என் கை அதன்மேல் இருந்தது. என்னால் முடியவில்லை. மேஜை இழுப்பறையிலிருந்து அந்தச் சின்ன நோட்டை எடுத்து அதிகாரி கையில் கொடுத்து, ஜீப்பிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அவர் நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஓர் இடத்தில் உதடு லேசாகத் துடித்தது. சிரிப்பை அடக்கினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"கிளினிக்ல சொல்ற நேரத்தை நம்பித்தாம்மா ஒருத்தர் சாப்பிடுறதும் மாத்திரை போடுறதும்" என்றார். "இன்னைக்கு நான் மார்க் போட முடியாது. அடுத்த ஞாயிறும் வர்றேன். நிஜமான நேரத்தைச் சொல்லி இதே கூட்டத்தை நடத்திக் காட்டுங்க. முடியலைன்னா மன்னிச்சுக்குங்க."

நிஜமான நேரம்

அந்த வாரம் நான் சோறு தின்றதாகச் சொன்னால் அது இன்னொரு பொய். இந்த ஜனம் சொன்ன நேரத்துக்கு வருமா? முதல் ஞாயிறுதான் பார்த்தேனே, பதினொன்றேகால்.

ஒவ்வொருவருக்கும் போன் போட்டுக் கெஞ்சினேன். "மாமா, இது நெசமான நேரம். ஒம்பதே முக்கால்னா ஒம்பதே முக்கால்தான். கழிவு கிடையாது. மாத்திரைய ரத்தம் எடுத்த பெறகு போட்டுக்கிருங்க, டாக்டரம்மா சொன்னாக."

"சரித்தா" என்றார். அவ்வளவுதான். எப்போதும் அப்படித்தான் சொல்வார்.

ஞாயிறு ஒன்பதே கால். பெஞ்சு காலி. மூலையில் அதிகாரி, துணிப்பை மடியில். டாக்டரம்மாவும் அன்று முன்னதாகவே வந்து உள்ளே உட்கார்ந்தார். செய்தித்தாளை எடுக்கும் சத்தம் கேட்டது. அவர் வரிவிளம்பரம் படிக்கப்போகிறார், நான் நாளைக்கு ஜீப்பில் ஏறப்போகிறேன் என்று முடிவே செய்துவிட்டேன்.

ஒன்பது இருபத்தெட்டுக்கு மதினி வந்தாள். ரத்த அழுத்தம் பார்த்து, எடை போட்டு, உள்ளே அனுப்பினேன். அவள் வெளியே வரவும் வாசலில் செருப்புச் சத்தம். ஒன்பது நாற்பத்து மூன்று, சின்னக்காளை மாமா. பத்து மணிக்காரர் பத்து மணிக்கு முன்பே வந்தார், பத்தேகால்காரி பத்தேகாலுக்கு. சிவனாண்டி அண்ணன் மட்டும் இருபது நிமிடம் பிந்தினார். வழியில் வண்டி பஞ்சராம், கை முழுக்கக் கரி. அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு.

மதியம் அதிகாரி காகிதத்தில் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார். தேர்ச்சி. நான் போட்ட சத்தத்தில் டாக்டரம்மா அறையை விட்டு வெளியே ஓடி வந்தார். போன் பழக்கமெல்லாம் அந்த ஒரு நிமிடம் காற்றில் போயிற்று.

முடிவு தெரியாமல் போகமாட்டேன் என்று மாமா அதுவரை பெஞ்சிலேயே இருந்தார். கூட்டம் கலைந்ததும் அவரிடம் கேட்டேன். "மாமா, ஒங்களால எப்படி நேரத்துக்கு வர முடிஞ்சுச்சு? பதினஞ்சு வருசமா ஒருநாளும் வந்ததில்லையே?"

"அட, நீ ஒருத்தி" என்றார். "ஜீப்புக்கு வந்த புதுசுல எனக்கு ஆறு மணின்னு சொன்ன. ஆறுக்கே வந்து நின்டேன். ஆறரை வரைக்கும் முக்குல ஒரு ஈ காக்கா இல்ல, குளிரு எலும்பக் குத்துது. ஒரு மாசம் அப்பிடி தன்னந்தனியா நின்டேன்த்தா. சரி, இந்தப் பிள்ளை அரைமணி முன்னால சொல்லுதுன்னு நானும் அரைமணி கழிச்சு வந்தேன். நான் பிந்துறேன்னு நீ அஞ்சரையாக்குன. நான் ஒருமணி கழிச்சேன். நீ அஞ்சாக்குன. நீயும் நானும் சேந்துதான அத ஒன்றரை மணி நேரமா வளத்துக் கொண்டாந்தோம்."

"அப்ப கிளினிக்ல அந்த மொத ஞாயிறு?"

"போன்ல ஒன் கொரலுதான? ஒம்பதே முக்கால்னு சொன்ன. எப்பவும் போல நான் கணக்குப் போட்டேன், அன்னைக்கு மத்தவுக எனக்காகக் காத்திருந்து ஒண்ணா வந்தோம். இப்ப நெசத்தச் சொல்லுறேன்னு சொன்ன, வந்துட்டோம்."

நான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே முகத்தை மூடிக்கொண்டேன். சிரிப்பும் வெட்கமும் ஒன்றாகப் பொங்கின. குளிரில் ஒரு மாதம் தனியாக நின்ற மனிதரைத்தான் ஊர் முழுக்கச் சோம்பேறி என்று சொல்லித் திரிந்திருக்கிறேன்.

மாமா எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். "ரிசல்ட் வாங்க அடுத்த ஞாயிறு எத்தன மணிக்கு வரட்டும்?"

பதிவேட்டைப் பார்த்து, "பத்து மணிக்கு மாமா" என்றேன்.

வாசல்வரை போனவர் திரும்பி நின்றார். "பத்துன்னா பத்துதான?"

"பத்துதான் மாமா."